உடலுக்குத் தெரியாமல் வேலை செய்யும் மாத்திரை

மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னுடைய 51ஆவது வயதில், வேறு ஏதோ காரணத்துக்காகச் செய்துகொண்ட ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 258 மில்லிகிராம் என்றும், அதில் கெட்ட கொழுப்பு என்று எல்லோரும் சொல்லும் எல்.டி.எல். மட்டும் 178 மில்லிகிராம் என்றும் வந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியதில்லை, நெஞ்சு வலித்ததில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் என் உடலைப் பற்றிக் கேட்பதற்கு முன் என் தந்தையைப் பற்றிக் கேட்டார். தந்தைக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது என்று சொன்னேன். என் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்து பார்த்தார், சர்க்கரையையும் தைராய்டையும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், அந்த முடிவுகள் வந்த பிறகு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே கொலஸ்ட்ரால் ஏறிவிடும் என்பதும், அந்தக் குறையைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைத் தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறை அந்த மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன், பிறகு மீண்டும் தொடங்கினேன். அந்த நிறுத்தமும் தொடக்கமும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் மருத்துவப் படிப்புப் படித்தவர் அல்லன் என்பதால், இதைப் படிப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எடுத்துக்கொண்டால் போதும், என் மாத்திரையின் பெயரையும் அளவையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்த அமிலங்களும், பாலின ஹார்மோன்களும், தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி-யும் அந்த வழியில் வருபவைதான். அதன் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. உணவைக் கட்டுப்படுத்தியும் சிலருக்கு எண் பெரிதாக இறங்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, என் மீது நானே சுமத்தியிருந்த குற்ற உணர்ச்சி பாதியாகக் குறைந்தது. கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் புரத உறை போர்த்திய துகள்களாகத்தான் ரத்தத்தில் பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்பது அத்தகைய துகள். அது அளவுக்கு மீறி, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் தமனிகளின் உட்சுவருக்குள் புகுந்து தங்கிப் படிவாகிறது. அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போது மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது. அதுவரை உடல் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

ஸ்டாட்டின் தமனியில் போய் அடைப்பைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது வேலை செய்யும் இடம் கல்லீரல். அங்கே கொலஸ்ட்ரால் உருவாகும் நீண்ட வரிசையில் ஹெச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி ஒரு முக்கியமான படியை நடத்துகிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. தன் தேவைக்குக் கொலஸ்ட்ரால் போதவில்லை என்று உணரும் கல்லீரல் செல், எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் அதிகமாக்கிக்கொள்கிறது. ஆக, உற்பத்தி குறைவதைவிட, ரத்தத்தில் இருப்பதைக் கல்லீரல் கூடுதலாக வாரிக்கொள்வதுதான் நம் ரிப்போர்ட்டில் எண் இறங்குவதற்குப் பெரிய காரணம். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1985இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

மருந்தைக் கண்டறிந்தவர் வேறொருவர். ஜப்பானின் வடபகுதியில் அகிதாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, சாங்க்யோ மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1971 முதல் பூஞ்சைகளை ஒவ்வொன்றாக வளர்த்துச் சோதித்தார். பூஞ்சை தன்னைத் தாக்க வரும் நுண்ணுயிர்களை ஒழிக்க, அவற்றுக்குத் தேவையான ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் இனப் பொருள்) உற்பத்தியைத் தடுக்கும் ஏதாவது ஒரு பொருளைச் சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைப் பார்த்தபின், 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். எலிகளிடம் அது பலிக்கவில்லை. முட்டையிடும் கோழிகளிடம் பலித்தது. 1978இல் ஒசாகாவில், பரம்பரையாக மிக அதிகக் கொலஸ்ட்ரால் உள்ள ஓர் இளம்பெண்ணுக்கு அது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது கொலஸ்ட்ரால் இறங்கியது. கூடவே தசைகளில் பலவீனமும் வந்தது. பிறகு மற்ற நோயாளிகளுக்கு அளவைக் குறைத்துக் கொடுத்துத் தொடர்ந்தார்கள். ஸ்டாட்டின் என்றதும் தசை வலி என்ற பேச்சு ஏன் கூடவே வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம், அந்தப் பேச்சு முதல் நோயாளியிலேயே தொடங்கிவிட்டது என்பது எனக்கு நினைவுக்கு வரும். எண்டோவின் அந்தப் பொருள் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024இல், தொண்ணூறு வயதில் காலமானார்.

என் கதைக்கு வருகிறேன். மாத்திரை தொடங்கிய எட்டாவது வாரத்தில் எல்.டி.எல். 178இலிருந்து 103க்கு இறங்கியது. மருத்துவர் மகிழ்ந்தார். எனக்கு அந்த மகிழ்ச்சி எட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் சூடு தணிவது தெரிகிறது, தலைவலிக்குப் போட்டால் வலி போவது தெரிகிறது. இந்த மாத்திரையைப் போட்ட பிறகு நான் முன்பு இருந்ததைவிட நலமாக இருப்பதாக உணரவில்லை. முன்பும் நான் நலமாகத்தானே இருந்தேன். அது தரும் நன்மை என்பது, வராமல் போகும் ஒரு மாரடைப்பு. வராத ஒன்றை யாரும் உணர முடியாது. அதே நேரத்தில், மாத்திரை போடத் தொடங்கிய பிறகு உடம்பில் எங்கே எந்த வலி வந்தாலும் அது உடனே தெரிகிறது, உடனே மாத்திரையின் கணக்கில் எழுதப்படுகிறது. நன்மை கண்ணுக்குத் தெரியாமலும் தீமை எடுப்பாகவும் நிற்கிற இந்தச் சமமின்மைதான், இவ்வளவு பேர் ஸ்டாட்டினைப் பாதியில் விட்டுவிடுவதற்கு அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

நானும் விட்டேன். நான்காவது மாதத்தில் தொடையில் வலி தொடங்கியது. உறவினர் ஒருவர் இந்த மாத்திரை தசையை அரித்துவிடும் என்றார். இன்னொருவர் கல்லீரல் போய்விடும் என்றார். மூன்றாவதாக ஒருவர், நினைவாற்றலே போய்விடும் என்று காணொளி அனுப்பினார். வலி உண்மையானது, அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அது எதனால் வந்தது என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. பதில் முன்கூட்டியே என் காதில் போடப்பட்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினேன். அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். 174 என்று வந்தபோதுதான் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வலி இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி இருந்ததா? நிறுத்திய பிறகு போய்விட்டதா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். வலது தொடையில்தான் அதிகம் என்பதும், நிறுத்தி ஆறு வாரம் ஆகியும் அது முழுவதும் போகவில்லை என்பதும் நான் வாய்விட்டுச் சொன்ன அந்த நிமிடத்தில்தான் எனக்கே உறைத்தது. ஸ்டாட்டினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும் என்றும், மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கிவிடும் என்றும் விளக்கினார். தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற நொதியை ரத்தத்தில் பார்த்தார். அது இயல்பான அளவில் இருந்தது.

பிறகு அவர் சொன்ன ஓர் ஆய்வுதான் என்னை மாற்றியது. 2020இல் பிரிட்டனிலிருந்து வெளியான சாம்சன் என்ற அந்த ஆய்வில், பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 பாட்டில்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மீதி நான்கு பாட்டில்கள் காலி. மாத்திரை உள்ள மாதங்களில் எது மருந்து, எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் தொந்தரவை 0 முதல் 100 வரை மதிப்பிட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது மாத்திரை போட்டால் அவர்களுக்குத் தொந்தரவு இரட்டிப்பானது உண்மை. ஆனால் அந்தத் தொந்தரவின் பத்தில் ஒன்பது பங்கு மருந்தே இல்லாத மாத்திரையிலும் வந்தது. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்கை உணரச் செய்யும் இந்த நிலைக்கு நோசீபோ என்று பெயர். இதை, அவர்கள் பொய் சொன்னார்கள் என்றோ, எல்லாம் மனப்பிரமை என்றோ படிப்பது பெரிய தவறு. அந்த வலி அவர்கள் உடலில்தான் இருந்தது. தங்கள் முடிவுகளைக் காட்டிய பிறகு அந்த 60 பேரில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதைவிடப் பெரிய கணக்கு 2022இல் வந்தது. ஸ்டாட்டினையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட 19 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1,24,000 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கும் தசை வலியோ பலவீனமோ இருந்தது. நடுவயதைத் தாண்டிய நான்கு பேரில் ஒருவருக்குத் தசை வலி எப்படியும் வருகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. மருந்தினால் வரும் சிறிய கூடுதலும் பெரும்பாலும் முதல் ஆண்டோடு நின்றுவிடுகிறது.

மருத்துவரின் யோசனைப்படி நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். மாத்திரை இல்லாமல் இன்னும் நான்கு வாரம், பிறகு மாத்திரையோடு நான்கு வாரம், மறுபடி இல்லாமல் நான்கு வாரம் என்று போய், ஒவ்வோர் இரவும் படுக்கும்முன் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதினேன். எனக்கு எது மாத்திரை வாரம் என்று தெரியும் என்பதால் இது அந்த ஆய்வைப் போலத் துல்லியமானதன்று. இருந்தாலும், மாத்திரை வாரங்களில் வலி கூடியிருக்கும் என்று உறுதியாக நம்பியபடியே பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று பகுதிகளுக்கும் சராசரி நான்கை ஒட்டியே இருந்தது. வலி அதிகமாக இருந்த நாள்கள், நீண்ட நேரம் நாற்காலியை விட்டு எழாமல் வேலை செய்த நாள்களோடு பொருந்திப்போயின. என் நினைவு எனக்குச் சொன்னதும், என் கையெழுத்து எனக்குக் காட்டியதும் வெவ்வேறாக இருந்தன. இப்போது அதே ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். கடைசிப் பரிசோதனையில் எல்.டி.எல். 96.

இதனால் ஸ்டாட்டினுக்குத் தீங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மிக அரிதாகத் தசை நார்கள் பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை ஏற்படும். கடுமையான தசை வலியோடு சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நிலையில் காத்திருப்பதற்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் இடமில்லை. செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை இந்தக் காரணத்துக்காகவே 2001இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றோடு கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளும், சில பூஞ்சைக்கொல்லி மருந்துகளும், அதிக அளவில் கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் சாறும் சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டினின் அளவு ஏறிவிடும் என்பதால், வேறு எந்த நோய்க்குப் போனாலும் நான் ஸ்டாட்டின் எடுப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களை அது கொஞ்சம் முன்னதாகவே அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கக்கூடும். 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ரத்தச் சர்க்கரை ஏறக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. அதே ஆண்டில், கல்லீரல் நொதிகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை அது நீக்கியது. கல்லீரலுக்குக் கடுமையான தீங்கு அவ்வளவு அரிது. கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் பொதுவாக இதை எடுப்பதில்லை. அவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

விழுக்காடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அங்கேதான் நம்மைக் குழப்புகிறார்கள். 1994இல் வெளியான, ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வில், சுமார் ஐந்தரை ஆண்டுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேரும் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேரும் இறந்தார்கள். இதை மரண ஆபத்து 30 விழுக்காடு குறைந்தது என்றும் சொல்லலாம். நூறு பேரில் 12 பேர் இறக்க வேண்டிய இடத்தில் 8 பேர் இறந்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே உண்மைதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன. எனவே அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று உள்ள ஒருவர், எல்.டி.எல்.லை அதைப்போல் இருமடங்கு இறக்கினால், அவருடைய வாய்ப்பு நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்கு வரும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து பெரிது என்பதால் நன்மையும் பெரிது. ஆபத்து மிகக் குறைவாக உள்ள இளைஞருக்கு அதே மாத்திரை தரும் நன்மை சிறியது. மாத்திரை தேவையா என்று கேட்பவர், தன் எல்.டி.எல். எண்ணோடு நிற்காமல், "எனக்குப் பத்தாண்டில் உள்ள ஆபத்து எவ்வளவு, மாத்திரை போட்டால் அது எவ்வளவாகும்?" என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. பிறந்ததிலிருந்தே அவர்கள் தமனிகள் அந்தச் சுமையைத் தாங்கி வருவதால் காத்திருக்கக் கூடாது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு உண்டு.

நேரத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிம்வாஸ்டாட்டின் உடலில் விரைவில் தீர்ந்துவிடும், கொலஸ்ட்ரால் உற்பத்தியோ இரவில் அதிகம் என்பதால் அதை இரவில் எடுக்கச் சொல்வார்கள்; அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் தங்குவதால் எந்த நேரமும் சரி, ஆனால் தினமும் ஒரே நேரம் என்றால் மறக்காது. அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, எல்.டி.எல். கூடுதலாக 6 விழுக்காடு அளவில்தான் இறங்கும். அதனால் இலக்கு எட்டவில்லை என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் போன்ற மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. மாத்திரை எடுக்கிறோம் என்பதற்காக நடைப்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் புகை நிறுத்தத்தையும் கைவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சென்ற மாதம் என் தம்பிக்கும் எல்.டி.எல். 169 என்று வந்தது. அவனுக்கு 46 வயது. மருந்துச் சீட்டோடு என்னிடம் வந்து, தசை வலி வருமாமே என்று கேட்டான். வரலாம் என்று சொன்னேன். முதல் மாத்திரை போடுவதற்கு முன் இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று அவன் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன், அவர் சம்மதித்தார். அந்த இரண்டு வாரமும், ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத நிலையில், ஒவ்வோர் இரவும் உடம்பில் எங்கெங்கே வலிக்கிறது என்று அவனை எழுதவைத்தேன். பதினான்கு நாள்களில் ஒன்பது நாள்களில் தோள், முதுகு, கெண்டைக்கால் என்று ஏதாவது ஒன்று எழுதியிருந்தான். பதினைந்தாம் நாள் மாத்திரையைத் தொடங்கினான், அதே நோட்டில் தொடர்ந்து எழுதி வருகிறான்.